ஓடாத வீடியோவும் நிற்காத ஒலியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (காரைக்குடி): கணினிவழிப் பாடங்கள் உருவாக்கும் மென்பொருளான ஸ்டோரிலைனில் செய்த பாடத்தின் முதல் ஸ்லைடிலேயே குரல் ஒலிக்குமாறு ஜாவாஸ்கிரிப்ட் எழுதியுள்ளேன். என் கணினியில் ஒலிக்கிறது. மாணவர்களின் கணினியில் ஒலிப்பதில்லை.

பதில்: கற்பவர் ஒருமுறையேனும் பக்கத்தைத் தொடாமல் ஒலியுடன் எதுவும் தானாக ஓடக் கூடாது என்ற விதியை குரோம் பிரவுசர் 2018இலேயே கொண்டுவந்துவிட்டது. நீங்கள் நாள் முழுவதும் அதே முகவரியில் வீடியோ ஓட்டிப் பார்ப்பதால் உங்கள் குரோம் உங்களுக்குச் சலுகை காட்டுகிறது, அவ்வளவுதான். ‘பாடத்தைத் தொடங்கு’ என்றொரு பொத்தானை வைத்து, அதன் டிரிகரிலேயே (பொத்தானைச் சொடுக்கியதும் இயங்கும் செயல்) பிளே கட்டளையைக் கொடுங்கள். பிளே திருப்பித் தரும் பிராமிஸில் (முடிவைப் பின்னர் தெரிவிக்கும் பொருள்) தோல்வியைக் கவனிக்கும் கேட்ச் பகுதியை வெறுமையாக விடாமல், வரும் பிழையைக் கன்சோலில் (பிரவுசர் பிழைகளைக் காட்டும் பலகை) அச்சிடுங்கள். நாட்அலவுட்எரர் (அனுமதி இல்லை என்ற பிழை) என்று வந்தால் காரணம் இதுவே.

கேள்வி (ஆத்தங்குடி): தரைக்கல் செய்முறைப் பாடத்தில், கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி முடிக்கும் 42ஆவது நொடியில் வீடியோ நின்று கேள்வி வர வேண்டும். சில நேரம் நிற்கிறது. பல நேரம் ஓடிவிடுகிறது.

பதில்: நீங்கள் அனுப்பிய வரியில் கரன்ட்டைம் (வீடியோ இப்போது நிற்கும் நொடி) 42க்குச் சமமா என்று சோதித்திருக்கிறீர்கள். அந்த நொடி மாறுவதை அறிவிக்கும் டைம்அப்டேட் நிகழ்வு ஏறத்தாழ கால் நொடிக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், 41.87க்கு அடுத்து 42.11 என்றே எண் தாவும். சரியாக 42 என்பது பெரும்பாலும் உங்கள் கண்ணில் படாது. ‘42 அல்லது அதற்கு மேல்’ என்று மாற்றி, கேள்வி ஒருமுறை வந்துவிட்டதைக் குறிக்க ஒரு மாறியையும் வையுங்கள். கற்பவர் வீடியோவைப் பின்னே நகர்த்தினால் அந்த மாறியைப் பழைய நிலைக்குத் திருப்ப மறவாதீர்கள்.

கேள்வி (தேவகோட்டை): விட்ட இடத்திலிருந்து வீடியோ தொடர, ஸ்லைடு திறந்து அரை நொடி கழித்துக் கரன்ட்டைமை மாற்றுகிறேன். சில பள்ளிகளில் மட்டும் தொடக்கத்திலிருந்தே ஓடுகிறது. இரண்டு நொடியாகக் கூட்டிவிடலாமா?

பதில்: கூட்டவே கூடாது. எனக்கு வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த செட்டைம்அவுட் (குறித்த நேரம் கழித்து இயக்கும் கட்டளை) பெற்ற பிள்ளைகள்தாம். சோற்றைப் பதம் பாராமல் கடிகாரத்தைப் பார்த்து வடிக்கிற வேலை இது. உங்கள் அலுவலக ஃபைபர் இணைப்பில் அரை நொடியில் வந்துவிடும் வீடியோ, நாற்பது பிள்ளைகள் ஒரே இணைப்பில் பாடத்தைத் திறக்கும் ஊர்ப் பள்ளியில் ஐந்து நொடி ஆனாலும் வராது. இரண்டு நொடி என்று வைத்தால் அங்கேயும் தவறும், நல்ல இணைப்பு உள்ளவரையும் வீணே காக்க வைக்கும். கற்பவர் வேறு தாவலுக்குப் போய்விட்டாலோ பிரவுசர் இந்த டைமர்களைத் தானே மந்தமாக்கிவிடும். அப்போது உங்கள் கணக்கு மேலும் பிசகும்.

வீடியோ ஆயத்தமா என்பதை வீடியோவிடமே கேளுங்கள். தகவல் வந்து சேராத நிலையில் டியூரேஷனை (வீடியோவின் மொத்த நீளம்) கேட்டால் நேன், அதாவது ‘எண் அல்ல’ என்றுதான் விடை கிடைக்கும். முதலில் வீடியோ எவ்வளவு ஆயத்தம் என்று சொல்லும் ரெடிஸ்டேட்டைப் பாருங்கள்: 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் கரன்ட்டைமை உடனே மாற்றலாம், 0 என்றால் வீடியோவின் அடிப்படைத் தகவல் வந்ததை அறிவிக்கும் லோடட்மெட்டாடேட்டா நிகழ்வுக்குக் காத்திருந்து மாற்றுங்கள். இந்த முதற்பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கேஷிலிருந்து (பிரவுசர் முன்பே சேமித்து வைத்த இடம்) வந்த வீடியோவுக்கு அந்த நிகழ்வு முன்னரே முடிந்திருக்கும் என்பதால், அவர்களுடைய கோடு (நிரல்) வாராத விருந்தாளிக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது. இவ்வளவும் சரியாக இருந்தும் வீடியோ சுழியத்திலிருந்தே ஓடினால், பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் உள்ள நெட்வொர்க் தாவலில் வீடியோ கோப்புக்கு 206 (பகுதி மட்டும் தரப்பட்டது) என்ற விடை வருகிறதா என்று பாருங்கள். சர்வர் கோப்பைப் பகுதி பகுதியாகத் தர மறுத்தால் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட்டால் ஆவது ஒன்றுமில்லை.

கேள்வி (பள்ளத்தூர்): வேகத்தை 1.5 ஆக வைத்தாலும் அடுத்த ஸ்லைடில் மீண்டும் 1 ஆகிவிடுகிறது.

பதில்: அடுத்த ஸ்லைடில் இருப்பது வேறொரு வீடியோ, முந்தையதற்குச் சொன்னது அதற்குத் தெரியாது. வேகத்தை ஸ்டோரிலைன் மாறியில் சேமித்து, ஒவ்வொரு ஸ்லைடிலும் பிளேபேக்ரேட், டிஃபால்ட்பிளேபேக்ரேட் இரண்டிலும் இடுங்கள். புதிய பதிப்புகளின் பிளேயரிலேயே வேகப் பொத்தான் உள்ளது. அது போதுமானால் கோடே வேண்டாம்.

கேள்வி (புதுவயல்): ஸ்லைடில் பதித்த யூடியூப் வீடியோவைக் குவெரிசெலக்டரால் (பக்கத்தின் உறுப்பைத் தேடும் கட்டளை) பிடிக்க முடியவில்லை.

பதில்: முடியாது. அது வேறு தளத்தின் ஐஃபிரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்) இருக்கிறது. வெளியிலிருந்து அதை இயக்க யூடியூபே தரும் ஐஃபிரேம் ஏபிஐ ஒன்றே வழி.

கேள்வி: நான் எழுதிய கோடு வேலை செய்யவில்லை. உடனே உதவவும்.

பதில்: எந்தக் கோடு, எந்த பிரவுசர், கன்சோலில் சிவப்பில் என்ன எழுதியிருந்தது, பாடத்தைச் சர்வரில் ஏற்றிப் பார்த்தீர்களா அல்லது கோப்புறையில் இருமுறை சொடுக்கித் திறந்தீர்களா என எதையும் சொல்லாமல் ஊர்ப்பெயரையும் விட்டுவிட்டீர்கள். வெளியிட்ட பாடத்தைச் சர்வரில் ஏற்றி, கன்சோலைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி (கானாடுகாத்தான்): ஐபோனில் மட்டும் என் ஒலியளவு ஸ்லைடர் அசைகிறது, ஒலி மாறுவதில்லை.

பதில்: ஐபோனில் ஒலியளவு பக்கவாட்டுப் பொத்தானுக்கே உரியது, ஜாவாஸ்கிரிப்ட் வால்யூமை மாற்ற அங்கே இடமில்லை. ஸ்லைடரை மறைத்துவிட்டு மியூட் பொத்தானை மட்டும் வையுங்கள்.