வாசகர் கேள்வி – பதில்: வாலிபர் கூடுகைக்குச் செலவில்லாத விளையாட்டுகளும் திரைக்காட்சிகளும்

சபைகளில் வாலிபர் ஐக்கியத்தையும் ஓய்வுநாள் பள்ளியின் மூத்த வகுப்புகளையும் நடத்துவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இவ்விதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: எங்கள் சேகரத்தில் வாலிபர் ஐக்கியத்தின் பொறுப்பு இவ்வாண்டு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. ஒதுக்கப்படும் தொகை தேநீருக்கும் பிஸ்கட்டுக்குமே சரியாகப் போய்விடுகிறது. இணையத்தில் இலவசம் என்று போட்டிருப்பவற்றை இறக்கிப் பார்த்தால் பாதியில் பணம் கேட்கிறார்கள். நம்பி எடுத்துக்கொள்ளத் தக்கவை எவை?
— வாசகர், சாத்தான்குளம்

பதில்: ஒரே ஒரு பாடத்தை மாதிரிக்குக் கொடுத்துவிட்டு மீதியை விற்பனைக்கு வைத்திருக்கும் தளங்கள் ஏராளம். அது ஏமாற்று அன்று, வியாபாரம். ஆனால் அந்த ஒரு பாடத்தை நம்பி மூன்று மாதத்திற்குத் திட்டம் போட்டுவிடக் கூடாது. நீங்கள் தேட வேண்டியவை, கிரியேட்டிவ் காமன்ஸ் போன்ற திறந்த உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டவை. அவற்றை உரியவர் பெயரைக் குறிப்பிட்டு நகலெடுக்கலாம். உரிமம் இடம் கொடுத்தால் மாற்றியமைத்துத் தமிழிலும் வெளியிடலாம். ஆகவே எதையும் இறக்குவதற்கு முன், பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் உரிம விவரத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

அன்ஃபோல்டிங்வேர்ட் என்ற அமைப்பு, படைப்பு தொடங்கி இயேசுவின் மறுவருகை வரையிலான 50 வேதாகமக் கதைகளைப் படங்களோடு இவ்வகை உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. அவற்றிலுள்ள ஸ்வீட் பப்ளிஷிங் நிறுவனத்தின் வண்ணப் படங்கள் விக்கிமீடியா காமன்ஸ் தளத்திலும் கிடைக்கின்றன. ஃப்ரீ பைபிள் இமேஜஸ் என்ற தளத்தில் ஒவ்வொரு கதைக்கும் உரிய படங்கள் வரிசையாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. பவர்பாயின்ட் கோப்பாகவே இறக்கிக்கொண்டு வசனங்களைத் தமிழில் சேர்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. அங்கே ஒவ்வொரு தொகுப்புக்கும் தனித்தனி நிபந்தனை உண்டு என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்.

பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய ஓவியங்களை நம்மவர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் எண்ணம். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே 1866இல் வெளியான வேதாகமப் பதிப்புக்கு வரைந்த கறுப்பு வெள்ளைச் சித்திரங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சிறுவர்களைவிடக் கல்லூரி வயதினருக்கே அவை பொருந்தும். அவற்றைக் கொண்டு செலவே இல்லாத விளையாட்டு ஒன்றையும் அமைக்கலாம். படத்தின் ஒரு மூலையை மட்டும் வெட்டி முதல் பக்கத்தில் வைத்து, அடுத்தடுத்த பக்கங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொண்டே போய், எந்தச் சம்பவம் என்று கேளுங்கள். குட்டியோடு பாறையில் தவிக்கும் புலியை மட்டும் காட்டினால், தானியேலிலிருந்து தாவீது வரை எல்லாப் பெயர்களும் வரும். படம் முழுவதும் விரிந்து, அதே பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும் மனிதர்களும் சுற்றியுள்ள வெள்ளமும் தெரிந்த பிறகுதான் அது நோவாவின் காலத்துப் பிரளயம் என்பது விளங்கும். பேழைக்கு உள்ளே இருந்தவர்களை மட்டுமே நினைத்துப் பழகியவர்களிடம் வெளியே நின்றவர்களைப் பற்றிப் பேசுவதற்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

கேள்வி: வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்த பாடல் வரிகளை ஆலயக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிகின்றன. ஆராதனை தொடங்கும் நேரத்தில் ஓடி ஓடிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. இதற்கென்று விலைகொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா?
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வாங்க வேண்டியதில்லை. நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் கோப்பு பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அவ்வகைப் பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். மெய்யெழுத்தின் புள்ளி, அரைப்புள்ளி விசையில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்துகளே வெளிப்படுகின்றன. அரைப்புள்ளிகள் மொய்த்துக் கிடப்பதற்கு அதுவே காரணம். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் வரிகளை இட்டு ஒரேயடியாக யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு, மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பின் ஒருவர் உட்கார்ந்து மெய்ப்பு பார்ப்பது அவசியம். ஒகர ஓகாரக் குறிகள் சில சமயம் இடம்மாறி நிற்கும்.

யூனிகோடுக்கு வந்தபின், கூகுள் ஃபான்ட்ஸ் தளத்திலுள்ள நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், காட்டமரன் ஆகியவற்றில் ஒன்றை இரு கணினிகளிலும் நிறுவிக்கொள்ளலாம், மூன்றும் இலவசம். பவர்பாயின்ட் போன்ற லிப்ரெஆபிஸ் இம்ப்ரெஸ் மென்பொருளில் கோப்பின் பண்புகள் பகுதிக்குள் சென்று, எழுத்துருவையும் கோப்போடு சேர்த்துப் பதியும்படி குறித்துவிட்டால், அடுத்த கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் அதே மென்பொருளில் திறக்கையில் தமிழ் சரியாகவே தெரியும். அதற்கும் நேரமில்லையென்றால் பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டுசெல்லுங்கள். அசைவூட்டங்கள் போய்விடும், எழுத்து போகாது.

வாரந்தோறும் பாடல்களைத் திரையிடுபவராக இருந்தால், ஓப்பன்எல்பி என்ற திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், இலவசமான) மென்பொருளைப் பழகிக்கொள்வது நல்லது. ஆலயப் பயன்பாட்டிற்கென்றே உருவாக்கப்பட்ட அது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. பாடல்களை ஒருமுறை ஏற்றிவிட்டால், போதகர் திடீரென்று வேறு பாடலைச் சொன்னாலும் ஒரு வரியைத் தட்டித் தேடி எடுத்துவிடலாம். தமிழ் வேதாகமத்தை எக்ஸ்.எம்.எல். கோப்பாக உள்ளே ஏற்றிக்கொண்டால், அதிகாரத்தையும் வசனத்தையும் கொடுத்தவுடன் திரையில் வந்துவிடும். ஒரே வைஃபையில் இணைந்த கைப்பேசியிலிருந்தே பக்கங்களை மாற்றவும் இயலும். புரொஜெக்டரை இணைத்ததும் விண்டோஸ் விசையோடு பி எழுத்தை அழுத்தி, நகல் காட்டும் முறையை விட்டு நீட்டிக்கும் முறைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பாடலைத் தேடித் தடுமாறுவதைச் சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்.

எழுத்தளவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘ஆசீர்வதிக்கப்பட்டவர்களாயிருக்கிறோம்’ போன்ற ஒரு சொல்லே திரையின் அகலத்தைப் பிடித்துக்கொள்ளும் மொழி நம்முடையது. ஆங்கில வார்ப்புருவில் எட்டு வரி கொள்ளும் இடத்தில் தமிழில் நான்கு வரிக்கு மேல் வைத்தால் பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. திரையின் கீழ்ப்பகுதியை முன்னால் நிற்பவர்களின் தலைகள் மறைக்குமாதலால் வரிகளை மேலே தொடங்குங்கள். சன்னல்கள் திறந்திருக்கும் பகல் நேரக் கூடுகையில், நட்சத்திரங்கள் மின்னும் கருநீலப் பின்னணியைவிட வெள்ளையில் கறுப்பு எழுத்தே தெளிவாகத் தெரியும். அழகுக்காக வாசிப்பை இழப்பதில் பொருளில்லை.

கேள்வி: வேத வினாடி வினாவைக் கைப்பேசியில் நடத்தலாம் என்கிறார்கள். எங்கள் கூடுகைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரிடம் கைப்பேசி கிடையாது. இருக்கிறவர்களுக்கும் ஆலயத்துக்குள் சிக்னல் கிடைப்பதில்லை. என்ன செய்வது?
— வாசகர், நாகலாபுரம்

பதில்: கஹூட் போன்ற செயலிகளில் விளையாடுபவருக்குத் தனிக் கணக்கு தேவையில்லை, புனைபெயர் போதும் என்பது வசதிதான். ஆயினும் ஒவ்வொருவரிடமும் இணைய வசதியுள்ள கைப்பேசி வேண்டும். இலவசத் திட்டத்தில் எத்தனை பேர் விளையாடலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. உங்கள் கூடுகைக்கு அது சரிப்படாது.

அதற்குப் பதிலாகப் பிளிக்கர்ஸ் என்ற செயலியின் முறையைப் பாருங்கள். நடத்துபவரிடம் மட்டும் இணையத்தோடு ஒரு கைப்பேசி இருந்தால் போதும். சிக்னல் வாசலில்தான் கிடைக்குமென்றால் மரத்தடியில் நடத்துங்கள். மற்ற ஒவ்வொருவருக்கும் சதுரக் கட்டங்களாலான ஒரு வடிவம் அச்சிட்ட தாள் கொடுக்கப்படும். ஒவ்வொரு தாளின் வடிவமும் வேறு. நான்கு ஓரங்களிலும் ஏ, பி, சி, டி என்று மிகச் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். கேள்வியை வாசித்தவுடன், தாம் கருதும் விடையின் எழுத்து மேல்பக்கம் வரும்படி தாளைத் திருப்பி எல்லோரும் உயர்த்திப் பிடிக்க வேண்டும். நீங்கள் கைப்பேசிக் கேமராவை இடமிருந்து வலமாக ஒருமுறை மெதுவாக நகர்த்தினால், யார் எந்த விடையைச் சொன்னார் என்பது உடனே பதிவாகிவிடும். எழுத்து சிறியதாகவும் வடிவங்கள் வேறுவேறாகவும் இருப்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுத முடியாது. தவறாகச் சொன்னவர் யார் என்பது நடத்துபவருக்கு மட்டுமே தெரியும். கூச்சத்தால் வாய் திறவாத பிள்ளைகள் இதில் துணிந்து கலந்துகொள்வதற்கு இதுவே காரணம். தாள்களைச் சாதாரண அச்சுப்பொறியில் எடுத்து அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். பளபளக்கும் லேமினேஷன் போட்டால் வெளிச்சம் பட்டுத் தெறித்துக் கேமராவுக்குப் பிடிபடாமல் போகும்.

சிக்னல் எங்குமே இல்லையென்றால் கத்தரிக்கோல் போதும். வசனத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் குழுக்களிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லும் விளையாட்டு எல்லோருக்கும் தெரிந்ததே. ஆங்கிலக் கையேடுகளில் சொல்லியிருப்பதுபோல் ஒவ்வொரு சொல்லாக வெட்டாதீர்கள். தமிழில் சொற்களை முன்பின்னாக மாற்றி வைத்தாலும் வாக்கியம் பொருள் தந்துகொண்டே இருக்கும். பிறகு எது சரியான வரிசை என்று சண்டைதான் வரும். இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்த தொடர்களாக வெட்டி, வேதாகமத்தைத் திறந்து சரிபார்ப்பதையும் விளையாட்டின் ஒரு பகுதியாக்குங்கள். பேசாமல் நடித்துக் காட்டி வேதாகமப் பாத்திரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வதற்கும் செலவில்லை. யோனாவையும் கோலியாத்தையும் விட்டுவிட்டு ஐத்திகு, ஒநேசிமு போன்ற பெயர்களைச் சீட்டில் எழுதினால், கண்டுபிடிக்க முடியாதவர்கள் வேதாகமத்தைப் புரட்டத் தொடங்குவார்கள்.

கேள்வி: ஆலய வளாகத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று எங்கள் மூப்பர் ஒருவர் கேட்கிறார். அவருக்கு மரியாதையாக எப்படிப் பதில் சொல்வது?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: வாதாட வேண்டாம், சில செய்திகளை அவர் முன் வையுங்கள். கூடைப்பந்தை 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் உருவாக்கியதும், கைப்பந்தை 1895இல் வில்லியம் மார்கன் உருவாக்கியதும் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பணியில் இருந்தபோதுதான். அச்சங்கத்தின் உடற்கல்விக் கல்லூரியை 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கினார். அது இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. வேதாகமத்திலேயே சிம்சோன் விருந்து வீட்டில் விடுகதை போடுகிறான். மீட்கப்பட்ட எருசலேமைச் சகரியா வருணிக்கும்போது, அதன் வீதிகளில் பிள்ளைகள் விளையாடுவதைச் சொல்லுகிறார். அதே நேரத்தில் மூப்பர் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைய பாடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத விளையாட்டு ஒரு மணி நேரத்தை விழுங்கிவிட்டு, தியானத்துக்குப் பத்து நிமிடம் மிஞ்சும் கூடுகைகளை அவர் பார்த்திருக்கக்கூடும். ஒருநாள் அவரையே வினாடி வினாவுக்கு நடுவராக அழையுங்கள்.

கேள்வி: அமெரிக்க வாலிபர் ஊழியத் தளங்களில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இலவசமாக இருக்கின்றன. அப்படியே மொழிபெயர்த்து நடத்தலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பொறுக்கியெடுத்து நடத்தலாம். மாவை முகத்தில் பூசுவது, முட்டையை எறிந்து பிடிப்பது, தட்டு நிறையக் கிரீமுக்குள் வாயால் மிட்டாய் தேடுவது முதலியவை அங்கே சாதாரணம். வீட்டில் முட்டையை எண்ணிச் சமைக்கும் பிள்ளை நம் கூடுகையில் இருக்கக்கூடும் என்பதால், உணவை வீணாக்கும் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்களும் பெண்களும் உடல் உரசும்படியானவற்றையும், உடை நனையும்படியானவற்றையும் தவிர்த்துவிடுங்கள். பெற்றோர் அடுத்த வாரம் பெண்பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள். மீதமுள்ளவற்றில் அந்நாட்டுத் தொலைக்காட்சியையும் பண்டிகைகளையும் நம்பியிருப்பவை கழிந்துபோகும். எஞ்சியவை நல்லவை, ஆனால் அவற்றில் பல நம் ஊர்ப் பிள்ளைகள் ஏற்கெனவே தெருவில் விளையாடுபவைதான்.

கேள்வி: வாலிபர் ஞாயிறு ஆராதனையை யூடியூபில் நேரலையாக ஒளிபரப்பினோம். பின்னணியில் போட்ட பாடலுக்காக உரிமைக் கோரிக்கை வந்துவிட்டது. ஆலயத்தில் பாடுவதற்குக்கூடத் தடையா?
— வாசகர், வேலூர்

பதில்: பாடுவதற்குத் தடையில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, உண்மையான சமயச் சடங்கின்போது இசைப் படைப்புகளை நிகழ்த்துவதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. ஆனால் ஒருவர் பதிவு செய்து வெளியிட்ட இசைத்தட்டை ஓடவிட்டு, அதை இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம். யூடியூப் அதைத் தானியங்கி முறையில் கண்டுபிடித்துவிடும். பாடல் வரி, மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. வரிகளைப் பொறுத்தவரை ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தபின் உரிமை தீர்ந்துவிடுகிறது. ஆகையால் 1864இல் மறைந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை உங்கள் வாலிபர்களே பாடி, உங்கள் கீபோர்டிலேயே வாசித்து ஏற்றுவதில் சிக்கல் இல்லை. பேச்சுக்குப் பின்னணி இசை மட்டும் தேவையென்றால் யூடியூபின் சொந்த ஒலி நூலகத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஐக்கிய ஆண்டு விழாவில் பிள்ளைகளின் படங்களைத் தொகுத்துத் திரையிட்டு, பின்பு முகநூலில் போட விரும்புகிறோம். அனுமதி வாங்க வேண்டுமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: வாங்குங்கள், எழுத்தில் வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. சட்டத்தின் நுணுக்கம் எப்படியிருந்தாலும், ஆண்டுத் தொடக்கத்தில் பெயர்ப் பதிவுப் படிவத்திலேயே இதற்கு ஒரு வரி சேர்த்துப் பெற்றோரிடம் கையொப்பம் பெற்றுவிட்டால் விழா நேரத்தில் அலைய வேண்டியதில்லை. மண்டபத்தில் திரையிடுவதற்கு ஒன்று, இணையத்தில் வெளியிடுவதற்கு ஒன்று என இரண்டு கட்டங்களாகக் கேளுங்கள்; முதலாவதற்குச் சம்மதித்து இரண்டாவதை மறுக்கும் பெற்றோர் உண்டு. முகநூலில் போடும்போது பிள்ளையின் பெயரையும் பள்ளியின் பெயரையும் படத்தோடு சேர்க்காதீர்கள்.