கிட்லேபுக்கு மாறிய பிறகு இஷ்யூ தானாக மூடவில்லை

கிட்லேபுக்கு (குழுவாக நிரல் எழுதிச் சேமிக்கும் தளம்) மாறிய பிறகு உங்கள் புராஜெக்டில் இஷ்யூ, அதாவது வேலைப் பதிவு, தானாக மூடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ‘க்ளோசஸ் #45’ (45ஆம் இஷ்யூவை மூடு) என்று போட்டு மெர்ஜ் செய்தும், அதாவது மாற்றங்களைச் சேர்த்தும், அது திறந்தே இருக்கிறதென்றால், பெரும்பாலும் அந்த மெர்ஜ் டிஃபால்ட் பிராஞ்சுக்கு, அதாவது புராஜெக்டின் முதன்மைக் கிளைக்கு, போகவில்லை. அங்கே சேர்ந்தால்தான் கிட்லேப் மூடும். நீங்கள் சேர்ப்பது டெவலப் என்ற பிராஞ்சில். டிஃபால்ட், மெயின் என்ற பிராஞ்சாக இருக்கும்.

செட்டிங்ஸில் ரெப்பாசிட்டரி, அதில் பிராஞ்ச் டிஃபால்ட்ஸ் திறந்து பாருங்கள். தானாக மூடுவதற்கான டிக்கும் அங்கேயேதான். அதுவும் போட்டிருக்க வேண்டும்.

காட்பாடியில் எங்கள் ஐந்து பேர் குழுவும் இரண்டு நாள் இதில்தான் முட்டி நின்றது. அப்புறம்தான் தெரிந்தது, முன்பு இஷ்யூக்களை வைத்திருந்த ஜிரா என்ற மென்பொருளிலிருந்து கொண்டுவந்ததில் அவற்றின் எண்களே மாறியிருந்தன. உங்கள் ராணிப்பேட்டை தோல் கிடங்கு புராஜெக்டிலும் பழைய 45 இப்போது வேறாக இருக்கலாம். தலைப்பைப் பார்த்து எண் போடுங்கள், இல்லையென்றால் இன்னொருவர் வேலை மூடிவிடும்.

டிஃபால்டை மாற்றினாலும், ஏற்கெனவே மெர்ஜ் ஆனவற்றைக் கையால்தான் மூட வேண்டும்.