லெஸ், ஃபியூவர், ரிவர்ட்: எந்தத் திருத்தத்துக்குத் தலையாட்டலாம்?

வணக்கம்.

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயனர் கையேடுகள் எழுதுகிறேன். எழுதியதைத் திருத்துபவர் எங்கள் டீம் லீட். 'லெஸ் தேன் ஃபைவ் ஃபைல்ஸ்' என்று எழுதினால் 'ஃபியூவர்' என்று மாற்றுகிறார். 'லெஸ் தேன் டென் மினிட்ஸ்' என்பதையும் விட்டுவைப்பதில்லை. வாக்கியம் 'டு' என்று முடிந்தால் சிவப்புக் கோடு. 'இஃப் எ யூசர் ஃபர்கெட்ஸ் தேர் பாஸ்வேர்ட்' என்று எழுதினால், ஒரு ஆளுக்கு எப்படி 'தேர்' வரும் என்கிறார். 'ஹோப்ஃபுலி', 'டேட்டா இஸ்' இரண்டுக்கும் தடை. ஆனால் அவர் அனுப்பும் மெயில்களில் 'டிஸ்கஸ் அபவுட்', 'ரிவர்ட் பேக்', 'ஐ ஹேவ் எ டவுட்', 'டூ த நீட்ஃபுல்' எல்லாம் தாராளமாக வருகின்றன. இவற்றில் எது உண்மையான பிழை? எதற்கு வாதாடலாம், எதை விட்டுக்கொடுக்கலாம்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது), கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பட்டியலில் அதிகம் சண்டை நடப்பது 'லெஸ்', 'ஃபியூவர்' விஷயத்தில். அதிகம் தவறாகத் திருத்தப்படுவதும் அங்கேதான். எண்ணக்கூடியதற்கு ஃபியூவர், அளக்கக்கூடியதற்கு லெஸ் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இந்த விதி ஆங்கிலத்தோடு பிறந்ததல்ல. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில வழக்கு பற்றி எழுதிய நூலில், எண்ணிக்கையைச் சொல்ல 'லெஸ்' என்பதைவிட 'ஃபியூவர்' பொருத்தமாக இருக்கும் என்று தனக்குத் தோன்றுவதாகச் சொன்னார். மக்கள் பெரும்பாலும் 'லெஸ்' என்றே சொல்கிறார்கள் என்பதையும் அங்கேயே ஒப்புக்கொண்டார். ஒருவருடைய ரசனையைப் பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் சட்டமாக்கினார்கள். அதற்கு முன் 800 ஆண்டுகளுக்கும் மேலாக, 9ஆம் நூற்றாண்டின் ஆல்ஃபிரட் மன்னர் எழுத்திலிருந்தே, எண்ணக்கூடியவற்றுக்கும் 'லெஸ்' வந்துகொண்டிருந்தது. பழைய ஆங்கிலத்தில் அது பெயர்ச்சொல்போல நிற்கும். பக்கத்துச் சொல் வேற்றுமை உருபு ஏற்கும். 'சொற்களில் குறைவு' என்று நாம் சொல்வதுபோல. உருபு தேய்ந்து உதிர்ந்தபின் 'லெஸ் வேர்ட்ஸ்' மிஞ்சியது.

சரித்திரம் இருக்கட்டும், கையேட்டில் என்ன எழுதுவது? அலுவலக எழுத்தில் 'ஃபியூவர் தேன் ஃபைவ் ஃபைல்ஸ்' என்றே எழுதிவிடுங்கள். அதைப் படித்து யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை; 'லெஸ்' என்றால் சிலர் சுளிப்பார்கள். ஆனால் 'லெஸ் தேன் டென் மினிட்ஸ்' என்பதைத் திருத்தியது பிழை. இதற்கு விட்டுக்கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் என்பது இங்கே ஒரே நீளமான நேரம், பத்து தனித்தனிப் பொருள்கள் அல்ல. சோதித்துப் பார்க்க ஒரு வழி: அந்த எண் அரையில் நிற்க முடியுமா என்று பாருங்கள். ஒன்பதரை நிமிடம் உண்டு, நாலரை ஜிபி உண்டு, 99 ரூபாய் 50 காசு உண்டு, இரண்டரை கிலோமீட்டர் உண்டு. அங்கெல்லாம் லெஸ். நாலரை ஃபைல், மூன்றரை யூசர் கிடையாது. அங்கே ஃபியூவர். 'ஒன் லெஸ் ஸ்டெப்' போன்ற பழகிய தொடர்களில் இந்தச் சோதனை வேலை செய்யாது. அவற்றை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான்.

இந்தச் சண்டைக்கு நடுவில் இன்னும் முக்கியமான ஒன்றை இருவருமே கவனிக்காமல் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஐந்து, கணக்கில் சேர்த்தியா இல்லையா? 'ஃபியூவர் தேன் ஃபைவ்' என்றால் அதிகபட்சம் நான்கு. மென்பொருள் ஐந்தாவது ஃபைலை ஏற்கும் என்றால் உங்கள் வாக்கியம் இலக்கணச் சுத்தமாக, தகவல் தப்பாக இருக்கிறது. 'அப் டு ஃபைவ் ஃபைல்ஸ்' என்று எழுதினால் ஐந்தும் அடங்கும், லெஸ்ஸா ஃபியூவரா என்ற கேள்வியும் எழாது. 2008இல் பிரிட்டனின் டெஸ்கோ கடைகள் இதைத்தான் செய்தன. விரைவு வரிசையில் தொங்கிய '10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' பலகையைப் பற்றி ஓயாமல் புகார் வந்தது. எளிய ஆங்கிலத்துக்காகப் பிரசாரம் செய்யும் அமைப்பு ஒன்றின் யோசனைப்படி அதை 'அப் டு 10 ஐட்டம்ஸ்' என்று மாற்றினார்கள்.

வாக்கிய முடிவில் முன்னிடைச்சொல் ('டு', 'இன்', 'ஃப்ரம்' போன்றவை) கூடாது என்பதற்கு வருவோம். இதைத் தொடங்கியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் கவிஞர் ஜான் டிரைடன். 1672இல், அப்போது உயிரோடு இல்லாத நாடக ஆசிரியர் பென் ஜான்சனின் வரி ஒன்றில் 'ஃப்ரம்' கடைசியில் நிற்பதைக் குறை சொன்னார். பிறகு தன் பழைய கட்டுரையையும் எடுத்து, அதே வகை வாக்கியங்களைத் தேடித் திருத்தினார். லத்தீனில் அப்படி வராது, அதனால் ஆங்கிலத்திலும் வரக்கூடாது என்ற எண்ணம் பரவியது. 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத், உயர்நடைக்கு அது அழகில்லை என்றார், ஆனால் நம் மொழிக்கு அதில் பெரிய சாய்வு உண்டு என்ற அந்த வாக்கியத்தையே 'டு' என்று முடித்தார். வேண்டுமென்றே செய்த குறும்பா என்று இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள்.

இன்று எந்த முக்கியமான ஆங்கில நடைக் கையேடும் (ஸ்டைல் கைடு) இதைத் தடுக்கவில்லை. 'த ஃபோல்டர் யூ வான்ட் டு சேவ் த ஃபைல் டு' சரியான ஆங்கிலம். இந்த விதிக்குப் பயந்து எழுதும்போதுதான் மெய்யான பிழை வருகிறது: 'த ஃபோல்டர் இன் விச் யூ சேவ்ட் இட் இன்'. முன்னால் ஒரு 'இன்', பழக்கத்தில் பின்னால் இன்னொரு 'இன்'. உங்கள் கோப்புகளில் 'இன் விச்', 'டு விச்' என்று தேடிப் பாருங்கள். இந்த இரட்டிப்பு நிச்சயம் சில இடங்களில் சிக்கும்.

ஒருமைக்கு 'தே' வருமா என்று தமிழ் பேசுபவர் கேட்பதுதான் எனக்கு வேடிக்கை. 'அவர்' பழந்தமிழில் பன்மை. மரியாதைக்காக அதை ஒருவருக்குச் சொல்ல ஆரம்பித்து, அது ஒருமையாக நிலைத்துவிட, பன்மைக்கு 'கள்' சேர்த்து 'அவர்கள்' ஆக்கினோம். பிறகு அந்த 'அவர்கள்' என்பதையும் 'தலைவர் அவர்கள்' என்று ஒற்றை ஆளுக்கே கொடுத்துவிட்டோம். ஆங்கிலத்தில் 'யூ' நடந்த பாதையும் இதுவே. முன்பு அது பன்மை, ஒருவரைச் சொல்ல 'தௌ' இருந்தது. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவருக்கு 'தே' போடுவது 14ஆம் நூற்றாண்டிலிருந்து எழுத்தில் கிடைக்கிறது. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் நடைக் கையேடு 2017இல் வரம்புகளோடு ஏற்றுக்கொண்டது. உங்கள் துறையில் பலர் கையில் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் நடைக் கையேடும் பொதுப்படையாக ஒருவரைச் சொல்லும்போது அனுமதிக்கிறது.

ஆனால் உங்கள் வாக்கியத்தை நானும் மாற்றியிருப்பேன், காரணம் வேறு. கையேடு படிப்பவரே பயனர். 'இஃப் யூ ஃபர்கெட் யுவர் பாஸ்வேர்ட்' என்று நேரே சொல்லலாமே. நிர்வாகிக்கான கையேடு என்றால் 'தே' வேறு விதத்தில் காலை வாரும். 'வென் ஆன் அட்மின் ரிமூவ்ஸ் எ யூசர், தே லூஸ் ஆக்சஸ்' என்றால் அனுமதி இழப்பது யார், நிர்வாகியா, பயனரா? அங்கே 'த யூசர்' என்று பெயர்ச்சொல்லையே இன்னொரு முறை எழுத வேண்டும்.

'ஹோப்ஃபுலி' என்பதை 'என்று நம்புவோம்' என்ற பொருளில் சொல்வதன் மேல் இருந்த கோபம் 1960களில் அமெரிக்காவில் கிளம்பியது. அசோசியேட்டட் பிரஸ் 2012இல் தடையை விலக்கியது. 'ஃப்ராங்க்லி', 'ஃபார்ச்சுனேட்லி' சரி என்றால் இதுவும் சரி. ஆனாலும் 'ஹோப்ஃபுலி சர்வர் நாளை சரியாகிவிடும்' என்று வாடிக்கையாளருக்கு எழுதாதீர்கள். யார் எதை வைத்து நம்புகிறார்கள் என்று அவர் கேட்பார். 'டேட்டா' மூலத்தில் பன்மை என்றாலும், 'டேட்டா இஸ்' கணினித் துறையில் இயல்பான வழக்கு. ஆய்விதழுக்கு எழுதினால் 'ஆர்' கேட்கலாம். ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

உங்கள் லீட் கண்ணில் படாமல் போனவைதான் உண்மையான பிழைகள். 'டிஸ்கஸ் அபவுட்', 'மென்ஷன் அபவுட்', 'ரிக்வெஸ்ட் ஃபார்', 'எம்ஃபசைஸ் ஆன்', 'கம்ப்ரைஸ் ஆஃப்', 'கோப் அப் வித்'. முதல் நான்குக்குப் பெரும்பாலும் ஒரே காரணம். பெயர்ச்சொல்லாக வரும்போது முன்னிடைச்சொல் வேண்டும்: 'எ டிஸ்கஷன் அபவுட்', 'எ ரிக்வெஸ்ட் ஃபார்', 'எம்ஃபசிஸ் ஆன்'. வினையாகும்போது அது விழுந்துவிட வேண்டும்: 'டிஸ்கஸ் த பிளான்', 'ரிக்வெஸ்ட் ஆக்சஸ்'. நமக்கு விழுவதில்லை. 'திட்டத்தைப் பற்றிப் பேசுவோம்' என்ற 'பற்றி'யும் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. 'கம்ப்ரைஸ்' கதை வேறு. 'கன்சிஸ்ட் ஆஃப்' பக்கத்திலேயே இருப்பதால் அதன் 'ஆஃப்' இதற்கும் ஒட்டிக்கொண்டது.

'ரிவர்ட்' விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே இருப்பேன். பதில் அனுப்புவதை அப்படிச் சொல்வது இந்தியாவில் எல்லோருக்கும் புரியும், உள்ளூர் மெயிலில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பொது ஆங்கிலத்தில் அதற்கு முந்தைய நிலைக்குத் திரும்புவது என்று பொருள். அதற்கு மேல், உங்கள் தொழிலில், கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற கருவியில், 'கிட் ரிவர்ட்' என்று ஒரு கட்டளையே இருக்கிறது. செய்த மாற்றத்தை அது நீக்கும். 'ப்ளீஸ் ரிவர்ட் ஆன் திஸ் சேஞ்ச் பை ஃப்ரைடே' என்று வெளிநாட்டு டெவலப்பருக்கு எழுதினால் அவர் பதில் எழுதாமல் கோடைத் திரும்ப எடுத்துவிட இடமிருக்கிறது. 'ரிப்ளை' என்று எழுதுங்கள். 'டவுட்' அதே ரகம். நாம் விளக்கம் கேட்கிறோம். 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் டிசைன்' என்றால் அமெரிக்கர் காதில் 'உன் வடிவமைப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று விழும். 'கொஸ்டின்' போதும்.

'ப்ரீபோன்' (குறித்த தேதிக்கு முன்னால் மாற்றுவது) உங்கள் பட்டியலில் இல்லை, ஆனால் அடுத்து அதுதான் மாட்டும். அதன் பக்கம் நான் நிற்கிறேன். 'மூவ் ஃபார்வர்ட்' என்று திருத்துபவர்கள் ஒன்றைச் செய்து பார்க்கட்டும். புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் 'ஃபார்வர்ட்' நகர்த்தினால் என்ன கிழமை? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமே சிலர் திங்கள் என்றும் சிலர் வெள்ளி என்றும் சொல்வது மொழியியல் ஆய்வுகளில் நன்றாகப் பதிவான விஷயம். 'ப்ரீபோன்' என்பதில் அந்தக் குழப்பம் இல்லை. 1913இல் நியூயார்க் டைம்ஸுக்கு வந்த வாசகர் கடிதமே இப்படி ஒரு சொல் வேண்டும் என்று இதை முன்வைத்தது. ஆனாலும் வெளிநாட்டுக்கு எழுதும்போது வினைச்சொல்லை நம்பாதீர்கள், 'புதன் 14லிருந்து திங்கள் 12க்கு' என்று தேதியைப் போடுங்கள். 'டேபிள்' என்ற வினைக்கும் இதே எச்சரிக்கை. பிரிட்டனில் ஒன்றை விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிவைப்பது. இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் சண்டையிட்டதைச் சர்ச்சில் பதிவு செய்திருக்கிறார், கடைசியில் பார்த்தால் இரு தரப்பும் கேட்டது ஒன்றையேதான்.

வாதாடும் முறைக்கு வருகிறேன். 'எனக்குத் தெரிந்தவரை சரி' என்று லீடிடம் போகாதீர்கள். அவரும் அதையேதான் சொல்வார். ஒரு அகராதி, ஒரு நடைக் கையேடு என்று குழுவாக முடிவு செய்துகொள்ளுங்கள். மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதியில் சர்ச்சைக்குரிய சொற்களுக்குக் கீழே வழக்குக் குறிப்பு இருக்கும். அதைத் திறந்து காட்டலாம். முடிவானதை ஒரே ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள்: 'நிமிடம், ஜிபி, பணம்: லெஸ். ஃபைல், யூசர்: ஃபியூவர். வரம்பு சொல்ல: அப் டு.' இரண்டாம் பக்கம் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஃபியூவரை அவருக்கு விட்டுக்கொடுங்கள், நிமிடக் கணக்கை மட்டும் விடாதீர்கள்.

'டூ த நீட்ஃபுல்' பிழை அல்ல. பிரிட்டிஷ் அலுவலக ஆங்கிலம். அங்கே வழக்கொழிந்து இங்கே நிலைத்துவிட்டது. இலக்கணத்தைக் காட்டி அதை எதிர்க்க முடியாது. ஆனால் அந்தத் தொடர் வரும் மெயிலைப் பெறுபவருக்கு என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்று தெரியாது. லீட் அப்படி அனுப்பினால், 'செவ்வாய்க்குள் மூன்றாம் அத்தியாயப் படங்களை மாற்றிவிடுகிறேன், சரிதானே?' என்று பதில் போட்டுவிடுங்கள்.