1780 ரேட்டிங்கோடு ஸ்பெயினுக்குப் போகலாமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, செஸ் ஆடுகிறான், ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் 1780. இங்கே ஆடினால் ரேட்டிங் ஏறவே மாட்டேன் என்கிறது. ஐரோப்பா போனால் ரேட்டிங்கும் ஏறும், ஐஎம் (இன்டர்நேஷனல் மாஸ்டர்) பட்டத்துக்கான தகுதி முடிவான நார்மும் கிடைக்கும் என்று கூட ஆடும் பிள்ளைகளின் பெற்றோர் சொல்கிறார்கள். ஆகஸ்டில் பார்சிலோனா பக்கம் மூன்று ஓப்பன் (எல்லோரும் கலந்துகொள்ளும் போட்டி) ஆட வைக்கலாமா? கடன் வாங்கித்தான் போக வேண்டும். – ஒரு தாய், திண்டுக்கல்

கடன் வாங்கி வேண்டாம் அம்மா. இந்த வருஷம் வேண்டவே வேண்டாம்.

முதலில் நார்ம் கதையை முடித்துவிடுவோம். ஐஎம் நார்முக்கு 9 ரவுண்டில் 2450 ரேட்டிங்காரர் அளவுக்கு ஆட்டம் காட்ட வேண்டும், எதிரில் உட்காருபவர்களின் சராசரி ரேட்டிங் குறைந்தது 2230 இருக்க வேண்டும், அவர்களில் 3 பேராவது ஐஎம் அல்லது அதற்கும் மேலான ஜிஎம் (கிராண்ட்மாஸ்டர்). சராசரி சரியாக 2230 என்றால் 9-க்கு 7 புள்ளி எடுக்க வேண்டும்! ஓப்பன்களில் இருப்பது ஸ்விஸ் முறை, ஒவ்வொரு ரவுண்டிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களை மோதவிடுவார்கள். அதில் 1780 பையனுக்கு முதல் ரவுண்டில் பெரிய ஆள் ஒருவர் வருவார், தோற்றால் கீழே இறங்கி 1500, 1600-களோடுதான் அடுத்த ஆட்டம். நார்முக்கான எதிராளிகளே அமைய மாட்டார்கள். ஸ்பெயினானாலும் சென்னையானாலும் இதுதான் நிலைமை.

ரேட்டிங் ஏறும் என்பதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. 18 வயதுக்குள், 2300-க்குக் கீழே இருக்கும் வரை உங்கள் மகனுக்கு கே-ஃபேக்டர் (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 40. 1900 ரேட்டிங்காரரை ஜெயித்தால் 26.4 புள்ளி கூடும், தோற்றால் 13.6 போகும். ஆனால் நம்ம ஊர் ஓப்பனில் எதிரே வருவது 1500 ரேட்டிங்கில் ஒரு ஒன்பது வயசுப் பொடியன், தினமும் அகாடமியிலேயே கிடந்து 1800 பலத்தில் ஆடுகிறவன், ரேட்டிங் இன்னும் அவனை எட்டிப் பிடிக்கவில்லை. அவனிடம் தோற்றால் ஒரே ஆட்டத்தில் 33.6 காலி, டிரா செய்தால்கூட 13.6 போய்விடும். இந்தச் சிக்கலுக்காகத்தான் 2024 மார்ச்சில் ஃபிடே 2000-க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கைத் தூக்கிவிட்டது, ஆனாலும் முழுசாகத் தீரவில்லை. ஐரோப்பாவில் அதே 1780-இல் வருகிறவர் பெரும்பாலும் பல வருஷமாக அந்த ரேட்டிங்கிலேயே இருக்கும் பெரியவர், அதனால் அங்கே ஒரு 80, 100 ஏறலாம். சரி, ஏறினபிறகு? திரும்பி வந்து அதே பொடியன்களோடுதான் உட்கார வேண்டும், ஆட்டம் வளராமல் ஏறின ரேட்டிங் நாலு மாதம் நிற்காது. என்னைக் கேட்டால் அந்தப் பொடியன்களே உங்கள் மகனுக்கு நல்ல பயிற்சி, வேறு நாட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வளவு சுலபமாக இது கிடைப்பதில்லை.

குகேஷ் 2019 ஜனவரியில் ஜிஎம் ஆனது டெல்லி ஓப்பனில். அதற்கு முன் வெளிநாடுகளில் நிறைய ஆடியிருக்கிறார், மறுக்கவில்லை, ஆனால் உங்கள் மகன் இப்போது இருக்கும் படியில் டெல்லி, சென்னை, புவனேஸ்வர் ஓப்பன்களே தாராளம். ஸ்பெயின் பணத்தில் பாதியை நல்ல கோச்சுக்குக் கொடுங்கள், தோற்ற ஆட்டங்களை உட்கார்ந்து அலசச் சொல்லுங்கள்.

2200-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் அப்புறம் வெளிநாட்டைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஸ்பெயினை விட செர்பியா, ஹங்கேரி பக்கம் நடக்கும் 10 பேர் ரவுண்டு ராபின் (எல்லோரும் எல்லோரோடும் ஆடும்) போட்டிகளைத்தான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் யார் யாரோடு ஆட வேண்டும், நார்முக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்பதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும். சராசரி 2380 இருந்தால் ஐந்தரைப் புள்ளி போதும். எதிராளிகளில் இந்தியர் அல்லாதவர்கள், அதிலும் குறைந்தது இரண்டு நாட்டுக்காரர்கள், இருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள், நார்முக்கு அது விதி, பெரிய ஓப்பன்களுக்கு அதில் விலக்கு உண்டு.

எந்த ஓப்பனுக்கும் பணம் கட்டும் முன் செஸ்-ரிசல்ட்ஸ் தளத்தில் அதே போட்டியின் போன வருஷப் பட்டியலைத் திறந்து, உங்கள் மகன் ரேட்டிங்கில் இருந்த ஒரு பையனின் பெயரைத் தட்டுங்கள். 9 ரவுண்டிலும் யார் யாரோடு ஆடினான், எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று வரிசையாக வரும். நாலைந்து பேரைப் பார்த்தால் போதும், அந்தப் போட்டி செலவுக்குத் தகுமா என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.