வாசகர் கேள்வி பதில்: கூர்ப்புப் பாடத்தத் தாண்டிப் போகலாமா?

கேள்வி: மகள் ஏ.எல். பயோ படிக்கிறா. ரியூஷன்ல கூர்ப்பு (உயிரினங்கள் தலைமுறை தலைமுறையா மாறி வாறது, எவலூஷன்) வந்தவுடன சேர் "இது நம்மட நம்பிக்கைக்குச் சரிவராது, நோட்ஸப் பாடமாக்கினாக் காணும்" எண்டுட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டாராம். கனடால இரிக்கிற என்ட தம்பி சொல்றான், அமெரிக்கால கடவுள் படைச்ச கதையையும் சயன்ஸ் கிளாஸ்லயே படிப்பிக்கிறாங்க எண்டு. இங்கயும் ரெண்டையும் படிப்பிச்சா என்ன?
- ஒரு தாய், கல்முனை

பதில்: தம்பி பாதிதான் சொல்லியிரிக்கார் தங்கச்சி. அங்க அப்பிடிப் படிப்பிக்கணும் எண்டு கனகாலமா சண்ட நடக்குது, ஆனா கவர்மென்ட் ஸ்கூல்ல கோர்ட் விடல்ல. 1925ல டென்னசில கூர்ப்பு படிப்பிச்சதுக்கு ஸ்கோப்ஸ் எண்ட வாத்தியாருக்கு 100 டொலர் குற்றம் போட்டாங்க, பிறகு அந்தத் தீர்ப்பு வேறொரு சட்டப் பிழையால ரத்தாகிட்டு. அதுக்குப் பிறகு லூசியானாக்காரர் கூர்ப்பு படிப்பிச்சா படைப்பையும் படிப்பிக்கணும் எண்டு சட்டம் போட, 1987ல சுப்ரீம் கோர்ட் அது மதத்தப் பரப்புற வேலை எண்டு தள்ளிட்டு. பேர மாத்தி இன்டெலிஜென்ட் டிசைன் எண்டு, அதாவது உயிர்கள ஆரோ அறிவுள்ள ஒருவர் திட்டம் போட்டுச் செஞ்சார் எண்டு, கொண்டு வந்தாங்க, 2005ல பென்சில்வேனியா டோவர் வழக்கில அதுவும் தோத்துது, தீர்ப்புச் சொன்ன ஜட்ஜ் பழமைவாத ஜனாதிபதி புஷ் நியமிச்ச ஆள்! அதில டிசைன் பக்கம் சாட்சி சொன்ன பேராசிரியர் பீஹி, தன்ட வரைவிலக்கணப்படி பார்த்தா சாத்திரம் பாக்கிற சோதிடமும் சயன்ஸ்தான் எண்டு குறுக்கு விசாரணைல ஒத்துக்கொண்டார். எங்கட ஊர்ல அதுக்குக் கைதட்டலே கிடைச்சிருக்கும், அது வேற கத.

அங்க கவர்மென்ட் ஸ்கூல்ல சமய பாடம் எண்டு ஒண்டு நம்மட மாதிரி இல்ல, அதாலதான் இந்த இழுபறி சயன்ஸ் கிளாஸுக்குள்ள வந்து நிக்குது. நமக்கென்ன குறை, சைவம், இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம், பௌத்தம் எல்லாத்துக்கும் தனிப் புத்தகம், ஓ.எல்.ல தனிப் பேப்பர். படைப்பப் பத்தி அங்க தாராளமாப் படிக்கலாம். சயன்ஸ்லயும் வேணுமெண்டா ஆர்ர படைப்ப? கல்முனைல ஒரு ரியூஷன் வாங்குல மூணு சமயப் புள்ளைகள் இருக்குமே, சேர் எந்தப் புள்ளைட கதையப் போர்ட்ல எழுதுவார்?

அதோட கூர்ப்ப வெறும் பாடமாக்கி வைக்க ஏலாது. அறக்கொட்டியானுக்கு மருந்தடிச்சி அடிச்சி, முந்திக் கேட்ட மருந்து இப்ப கேக்கல்ல எண்டு வயல்காரர் சொல்றாங்கல்லோ? மருந்துக்குத் தப்பின கொஞ்சப் பூச்சி பெருகி, அந்தத் தாங்குற குணம் குஞ்சுகளுக்கும் போகுது, அதான் இயற்கைத் தேர்வு. அன்டிபயட்டிக்குக்கு அடங்காத கிருமி வாறதும் இப்பிடித்தான், நாளைக்கு மகள் டொக்டரானா வார்ட்ல அதோடதான் மல்லுக்கட்டணும். பாப்பரசர் ரெண்டாம் ஜோன் போலே 1996ல கூர்ப்பு வெறும் ஊகம் மட்டுமில்ல எண்டு சொல்லிட்டார், அவரிட விசுவாசம் ஒண்டும் குறையல்ல. சேர் படிப்பிக்காட்டி மகள ரிசோர்ஸ் புக் எடுத்து வாசிக்கச் சொல்லுங்க, அந்த யூனிட்ல இருந்து கேள்வி வரும்.

கேள்வி: குரங்கில இருந்து மனுசன் வந்தா ஏன் இன்னும் குரங்கு இரிக்கு?
- ஓ.எல். மாணவன், மண்டூர்

பதில்: இப்ப இரிக்கிற குரங்கில இருந்து நாம வரல்ல தம்பி. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவா ஒரு மூதாதை, பிரிஞ்சி ஏறக்குறைய 60, 70 இலட்சம் வருசம். நீ பிறந்திட்டாய் எண்டு உன்ட பெரியப்பாட மக்கள் இல்லாமப் போயிட்டாங்களா?