இரண்டாவது வீடு: எத்தனை மணி நேரத் தொலைவில் வாங்கலாம்?

கேள்வி: குரோம்பேட்டையில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகள் ஏழாவதும் பத்தாவதும் படிக்கிறார்கள். வார இறுதியில் போய்வர 60 லட்சத்துக்குள் இன்னொரு வீடு வாங்க யோசனை. கணவர் கொடைக்கானல் என்கிறார், எனக்கு ஏலகிரி பிடித்திருக்கிறது, மாமனாரோ மரக்காணம் பக்கம் போதும் என்கிறார். எவ்வளவு தூரம் வரை போகலாம்?

பதில்: கிலோமீட்டரை விட்டுவிட்டு மணிக்கணக்கைப் பாருங்கள். வெள்ளி மாலை 7 மணிக்குக் கிளம்பி ஞாயிறு இரவு 9 மணிக்கு வீடு திரும்பினால் உங்கள் கையில் இருப்பது 50 மணி நேரம். இரண்டு இரவுத் தூக்கத்துக்கு 16 மணி போனால் மிச்சம் 34. அதில் கால் பங்குக்கு மேல், அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல், காரில் கழிந்தால் முதல் ஆறு மாதம் ஆசையாகப் போவீர்கள். பிறகு "இந்த வாரம் வேண்டாம்" என்பது வழக்கமாகிவிடும். ஒரு வழிக்கு நாலு மணி நேரம்தான் வார இறுதி வீட்டின் எல்லை.

கொடைக்கானல் 500 கிலோமீட்டருக்கு மேல். மலையேற்றத்தையும் சேர்த்தால் ஒரு வழிக்கே பத்து மணி நேரம் ஆகும். ரயிலில் கொடைரோடு வரை போனாலும் அங்கிருந்து இன்னும் 80 கிலோமீட்டர் இருக்கிறது. கோடை விடுமுறையில் ஒரு மாதம் தங்குகிறவர்களுக்கு அது சரி, உங்களுக்கு இல்லை. ஏலகிரி சுமார் 220 கிலோமீட்டர், கடைசியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். நாலரை மணி நேரம் என்று வையுங்கள். எல்லையைச் சற்றே தாண்டுகிறது. வெள்ளி இரவுக்குப் பதில் சனி விடியற்காலை நாலரைக்குக் கிளம்பக்கூடிய குடும்பம் என்றால் சமாளிக்கலாம். மரக்காணம் இரண்டரை மணி நேரம். நேரத்தை மட்டும் பார்த்தால் மாமனார் சொல்வதுதான் சரி.

இந்த நேரங்களெல்லாம் சாலை காலியாக இருக்கும்போது வருபவை. ஞாயிறு மாலை பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து பெருங்களத்தூர் வரை ஊர்ந்து வந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையில்லை. அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அதே ஊருக்கு நாலு முறை போய்வாருங்கள்: ஒரு சாதாரண வெள்ளி மாலை, ஆயுத பூஜை மாதிரி ஒரு நீண்ட விடுமுறையின் முதல் நாள், நவம்பர் மழையில் ஒரு நாள், வேலை நாளில் தனியாக ஒரு நாள். ஒவ்வொரு முறையும் வாசலில் வண்டியை எடுத்த நேரத்தையும் அங்கே இறங்கிய நேரத்தையும் குறித்து வையுங்கள். நாலில் மோசமான நேரத்தை வைத்து முடிவெடுங்கள், சராசரியை வைத்து வேண்டாம்.

தனியாகப் போகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து "மாடியிலிருந்து தண்ணீர் கொட்டுது" என்பார். அரை நாள் லீவில் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்ப முடிந்தால் அந்த வீடு உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் என்றால் முடியாது. நம்பிக்கையான ஆள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தாக வேண்டும்.

அந்தச் சம்பளத்தையும் தூரத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். உதாரணமாக, காவலாளுக்கு மாதம் 6,000 என்றால் ஆண்டுக்கு 72,000. மின்கட்டணம், வீட்டு வரி, பழுது எல்லாம் சேர்ந்து 78,000 என்று வைத்தால் மொத்தம் ஒன்றரை லட்சம். ஆண்டில் 60 இரவு தங்கினால் ஓர் இரவுக்கு 2,500. 24 இரவுதான் என்றால் 6,250. பெட்ரோலும் கடன் வட்டியும் இதில் இல்லை. 6,250 ரூபாய்க்கு நல்ல அறையே எடுத்துவிடலாம், பாத்திரமும் தேய்க்க வேண்டியதில்லை.

வாங்கும்போது ஆகும் செலவையும் பாருங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 60 லட்சத்துக்கு 5.4 லட்சம். வங்கி அதிகபட்சம் 80%, அதாவது 48 லட்சம்தான் தரும். பத்திரச் செலவு அதில் வராது. கைப்பணமாகவே 17 லட்சத்துக்கு மேல் வேண்டும். விலை 50 லட்சத்தை எட்டினாலே விற்பவருக்குத் தரும் தொகையில் 1% வருமான வரிப் பிடித்தம் செய்து நீங்கள்தான் கட்ட வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு நோட்டீஸ் வந்த பிறகு ஓடுகிறார்கள். "வட்டிக்கு வரிச்சலுகை உண்டு" என்று தரகர் சொன்னால் நீங்கள் எந்த வரித் திட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். புதிய திட்டத்தில், சொந்த உபயோகத்துக்கான வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இன்னொன்று. பெரிய பிள்ளை பத்தாவது, அடுத்த மூன்று ஆண்டு சனி, ஞாயிறுகளில் டியூஷனும் தேர்வும்தான். இப்போது வாங்காதீர்கள். மரக்காணம் பக்கமோ ஏலகிரியிலோ ஒரு வீட்டைப் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்து, எத்தனை இரவு உண்மையில் தங்குகிறீர்கள் என்று காலண்டரில் குறித்து வாருங்கள். எண்ணிக்கை 40-ஐத் தாண்டினால் வாங்குவதைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: வீடு பூட்டியே கிடந்தால் என்னென்ன கெடும்? மாதம் ஒருமுறைதான் போக முடியும்.

பதில்: முதலில் நாற்றம் வரும். குளியலறைத் தரையில் உள்ள டிராப்பில், அதாவது கழிவுநீர் இறங்கும் குழாய் வளைவில், நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுக்கிறது. சில வாரங்களில் அது வற்றிவிடும். கிளம்பும்போது ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். மேல்தொட்டியிலிருந்து இறங்கும் வால்வை மூடுங்கள். ஃபிரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்தே வையுங்கள். போர் மோட்டார் ஓடாமலே கிடந்தால் இறுகிப்போகும். வாரம் பத்து நிமிடம் ஓட்ட ஆள் வேண்டும். செப்டம்பர் கடைசியில் மொட்டைமாடி மழைநீர்க் குழாய் வாய்களில் சேர்ந்த இலையை எடுத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் கூரை ஒழுகும் பல வீடுகளில் காரணம் இதுதான்.

கடற்கரை வீட்டில் உப்புக்காற்று தனிச் செலவு வைக்கும். இரும்பு கிரில், கீல், ஏசியின் வெளி யூனிட் எல்லாம் நகரத்தை விட வேகமாக அரிக்கும். கீலும் தாழ்ப்பாளும் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுக்குப் பதில் 316 ரகத்தில் கேளுங்கள். மலையில் பூஞ்சைதான் தொல்லை. மெத்தையைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள்.

வீட்டுக் காப்பீட்டில், வீடு தொடர்ந்து பூட்டியிருந்தால் பாதுகாப்பு தொடருமா என்ற நிபந்தனையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கோவையில் இருக்கிறோம், இருவரும் ஓய்வு பெற்றவர்கள். கோத்தகிரியில் சிறிய வீடு பார்த்தோம். 70 கிலோமீட்டர்தானே, யோசிக்க வேண்டுமா?

பதில்: தூரம் பிரச்சினையே இல்லை. இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். ஆனால் மேட்டுப்பாளையத்துக்கு மேலே இருப்பது மலைப்பாதை. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த கையோடு, ஏற்காடு மலைப்பாதையிலும் மண் சரிந்தது. அப்படிப் பாதை அடைபட்டால் மேலே இருக்கும்போது உங்களுக்கு எந்த மருத்துவமனை என்று இப்போதே முடிவு செய்யுங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 30 கிலோமீட்டர். இதய நோயோ டயாலிசிஸோ இருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் அட்வான்ஸ் தர வேண்டாம்.

2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் உண்டு. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வேலை நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. நீலகிரியின் டி.என்.43 பதிவெண் வண்டிகளுக்கு விலக்கு. கோவைப் பதிவெண்ணோடு போகிறவர், அங்கே வீடு இருப்பதாலேயே விலக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: மரக்காணம் அருகே கடலிலிருந்து 300 மீட்டரில் மனை. அங்கீகாரம் பெற்ற மனை என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மனைப்பிரிவு அங்கீகாரம் வேறு, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி வேறு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதி பேசும். சர்வே எண்ணைக் கொடுத்து, மண்டல வரைபடத்தில் மனை எங்கே விழுகிறது என்று பாருங்கள். வீடு கட்டலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 30 ஆண்டு வில்லங்கம், பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்) எடுத்தே ஆக வேண்டும். அந்த மனை பஞ்சமி நிலமா (பட்டியல் சமூகத்தினருக்கு அரசு ஒதுக்கிய நிலமா) என்பதையும் பழைய அ-பதிவேட்டில், அதாவது வருவாய்த் துறையின் கிராம நிலப் பதிவேட்டில், பார்த்துவிடுங்கள். கோடையில் ஒருமுறை பக்கத்துப் போரில் தண்ணீர் எடுத்து வாயில் வைத்துப் பாருங்கள். கரித்தால் விலையில் குறைத்துப் பேசுங்கள்.