தொட்டில் பழக்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் தங்கைக்கு இருபத்து நான்கு வயது. கையைக் கீறிக்கொண்டதைப் பார்த்துப் பயந்து, மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு, அதாவது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் தத்தளிக்கும் மனநோய் என்றார். யூடியூபில் தேடினால், இவர்கள் சூழ்ச்சிக்காரர்கள், உடனே விலகிவிடுங்கள் என்கிறார்கள். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினால் சரியாகும் என்கிறார் அப்பா. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்கிறார் அம்மா. இதற்கிடையில் நல்ல வரன் ஒன்று வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா, மறைப்பதா?

செ., திருமங்கலம்

அன்புள்ள செ.,

அண்மையில் ஒரு கல்யாணப் பந்தியில், ஒரு மாமியார் தன் மருமகளை நார்சிசிஸ்ட், அதாவது தன்னையே பெரிதாக நினைப்பவள் என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வசவுக்குக்கூட மருத்துவரின் சீட்டு தேவைப்படும் காலம் வந்துவிட்டதே என்று எண்ணிக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

முதலில் என் வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் தங்கையின் வயது இருக்கிறது, நோய் இருக்கிறது, வரன் இருக்கிறது. அவர் என்ன படித்தார், எதற்குச் சிரிப்பார், எதற்கு அஞ்சுவார் என்று ஒரு வரிகூட இல்லை. பக்கத்து அறையில் இருப்பவரைக் கேட்காமல், முகம் தெரியாத எவரோ பேசும் காணொளியிடம் அவரைப் பற்றி விசாரித்திருக்கிறீர்கள். இக்கோளாறு உள்ளவர்கள் உடலைக் கீறிக்கொள்வது, பெரும்பாலும் தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிட்ட உணர்ச்சியைத் தணித்துக்கொள்ளத்தான். பலர் அந்தக் காயத்தைப் பிறர் கண்ணில் படாமல் மறைக்கவும் செய்கிறார்கள். இதில் சூழ்ச்சி எங்கே இருக்கிறது? கிடா வெட்டும் விஷயத்தில், சிகிச்சையை நிறுத்தாதவரை உங்கள் அப்பாவோடு எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு அம்மாவின் பழமொழியோடுதான்.

சோழவந்தானில் எங்கள் வீட்டோடு ஓர் அத்தை இருந்தார். காலையில் என்னை மடியில் வைத்துச் சோறூட்டுபவர், மதுரைக்குப் போன அப்பா இரவு ரயிலில் வரவில்லையென்றால் தட்டுகளை வாசலில் வீசுவார். அப்பா வந்து சேர்ந்ததும் இத்தனை நேரம் காத்திருந்தவரே அவரை வாய்க்கு வந்தபடி ஏசுவார். அவருக்கு இன்ன நோய் என்று இன்று பெயர் சூட்ட நான் மருத்துவன் அல்லன். ஆனால், விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற அச்சம்தான் அந்தக் கோபமாக வெளிப்பட்டது என்பது சிறுவனான எனக்கே தெரிந்திருந்தது. பெரியவர்களோ ஒவ்வொரு சண்டையிலும், ‘உன்னைக் கொண்டுபோய் மாமியார் வீட்டிலேயே தள்ளிவிடுவோம்’ என்று அதே அச்சத்துக்கு எண்ணெய் ஊற்றினார்கள். வயது ஏற ஏற அத்தை தணிந்தார். கொடிக்காலில் வெற்றிலையைக் கவுளி கவுளியாக அடுக்கும் வேலையில் அவரளவு பொறுமைசாலி இல்லை என்று முதலாளியே சொல்வார். ஆனால் தட்டு பறந்த கதையைத்தான் உறவினர்கள் அவர் சாகும்வரை சொல்லிச் சிரித்தார்கள். அவர் மாறியதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கதை போய்விடுமே.

அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில், மேரி ஸனரினி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், உள்நோயாளிகளாகச் சேர்ந்த, இதே கோளாறுடைய 290 பேரை 1992 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டுகளுக்குள் 93 சதவீதத்தினருக்கு, அறிகுறிகளில் குறைந்தது ஈராண்டு நீடித்த தணிவு கிடைத்திருந்தது. சிலருக்கு அறிகுறிகள் திரும்பவும் வந்தன. வேலை, உறவு எல்லாம் சேர்ந்து நன்றாக அமைந்தவர்கள் பாதிப் பேர்தான். கீறிக்கொள்வது போன்றவை விரைவில் அடங்குகின்றன, கோபமும் வெறுமையும் மெல்லத்தான் விலகுகின்றன. இருந்தும், சுடுகாடு மட்டும் என்ற பேச்சு இந்த எண்ணுக்கு முன்னால் நிற்காது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாடும் ஆளுமைக் கோளாற்றை ஆயுள் முழுவதற்குமான முத்திரையாகக் கொள்ளவில்லை. பிறகும் ஏன் மாறாது என்ற பேச்சு நிலைக்கிறது என்றால், மருத்துவரிடம் திரும்பத் திரும்ப வருபவர் குணமாகாதவர். குணமானவர் வெளியே சொல்லாமல் தன் வேலையைப் பார்க்கிறார்.

சொன்னவர் ஒருவர் உண்டு. இக்கோளாறுக்கு இன்று பரவலாக அளிக்கப்படும் டிபிடி என்ற பேச்சுவழிச் சிகிச்சையை உருவாக்கிய மார்ஷா லினஹான், பதினேழு வயதில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு மனநல மருத்துவமனையில் இருந்தவர். அதை அவர் 2011இல்தான் வெளிப்படையாகச் சொன்னார். மனநலத் துறையில் புகழ்பெற்ற ஒருவருக்கே அவ்வளவு காலம் பிடித்தது என்றால், திருமங்கலத்துப் பெண் ஒருவர் எப்படி வாய் திறப்பார்?

உடனிருப்பது எளிது என்று நான் சொல்ல வரவில்லை. நீங்கள் களைத்துப்போவீர்கள், எரிச்சல்படுவீர்கள். ஓய்வெடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தட்டை எறிந்தால் எறியாதே என்று உறுதியாகச் சொல்லுங்கள். வீட்டை விட்டுப் போ என்று மட்டும், கோபத்தில்கூட, சொல்லாதீர்கள்.

வரனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? உங்கள் தங்கைக்குத் திருமணம் வேண்டுமா என்று யாராவது அவரிடம் கேட்டீர்களா? சொல்லவேண்டிய காலம் வந்தால் அவரே சொல்லட்டும். தன் மனநோய் பற்றிய செய்தி ரகசியமாகக் காக்கப்படும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்குத் தருகிறது. சாகப்போகிறேன் என்று அவர் சொன்னால் அதை மிரட்டல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இக்கோளாறு உள்ளவர்களில் தற்கொலையால் இறப்பவர்களின் விகிதம் பொதுமக்களைக் காட்டிலும் பல மடங்கு அதிகம். அப்போது தனியே விடாமல் அருகில் இருங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, இரவிலும் அழைக்கலாம். நிலைமை மோசமென்றால் விடியும்வரை காத்திராமல் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.